லில்லிக்குக் கொய்மலர்த் தூள்: வாங்கலாமா, வேண்டாமா?

பொக்கே கடையில் லில்லிக் கொத்து வாங்கும்போது தண்டுகளைக் கட்டிய ரப்பர் வளையத்தில் வெட்டிய பூவுக்கு உணவாகும் தூள் அடங்கிய ஒரு சிறு பொட்டலத்தைச் செருகித் தருகிறார்கள். அதைப் பலர் பிரிக்காமலேயே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சிக்கனம் பார்க்கும் சிலர் பாதியைத் தண்ணீரில் கொட்டிவிட்டு மீதியை அடுத்த கொத்துக்கு எடுத்துவைக்கிறார்கள். முதல் வகையினர் இழப்பது கொஞ்சம்தான். பூவை உண்மையில் கெடுப்பவர்கள் இரண்டாம் வகையினர். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தீர்ப்பை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: லில்லி வாங்குகிறவர்களுக்கு இந்தத் தூள் தேவையான பொருள்தான், ஆனால் அட்டையில் அச்சிட்டிருக்கும் காரணத்துக்காகத் தேவைப்படுவதில்லை. விரிந்துவிட்ட ஒரு பூவின் வாழ்நாளை அது பெரிதாக நீட்டுவதில்லை. கொத்தில் உள்ள கடைசி மொட்டு வரைக்கும் முழு அளவில், முழு நிறத்தில் மலரவைக்கிறது. லில்லியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வேலைதான் பெரியது.

கொய்மலர் உணவு விற்கும் நிறுவனங்களில் நெதர்லாந்தின் கிரைசாலும் அமெரிக்காவின் ஃபுளோராலைஃபும் உலக அளவில் நன்கு அறியப்பட்டவை. இவை தவிர, நம் ஊர்க் கடைகளில் பெயரும் அளவும் அச்சிடப்படாத வெள்ளைத் தூள் பொட்டலங்களும் கிடைக்கின்றன. நான் இங்கே எந்த நிறுவனத்தையும் எடைபோடவில்லை. இவ்வகைப் பொருள் லில்லிக்கு என்ன செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதையே கோயம்புத்தூர் வெயிலிலும் கோயம்புத்தூர்த் தண்ணீரிலும் பார்த்து எழுதுகிறேன்.

பொதுவகைத் தூளில் இருப்பவை அடிப்படையில் மூன்று: பூவுக்கு உணவாகும் சர்க்கரை, தண்ணீரைப் புளிப்பாக்கும் சிட்ரிக் அமிலம் போன்றதொரு பொருள், நுண்ணுயிர்களை அடக்கும் மருந்து. 5 கிராம் பொட்டலம் அரை லிட்டர் தண்ணீருக்கும் 10 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கும் உரியவை. அதாவது ஒரு லிட்டரில் சர்க்கரையின் அளவு ஏறத்தாழ ஒரு சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அமிலம் தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் மதிப்பை (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5 முதல் 4.5 வரையிலான அளவுக்குக் கொண்டுவந்தால் தண்டு தண்ணீரை எளிதாக இழுக்கிறது. பாக்டீரியாவும் அந்தப் புளிப்பில் மெதுவாகவே பெருகுகிறது. பாக்டீரியா பெருகினால் வெட்டுவாயில் வழுவழுப்பாகப் படிந்து நீர்க்குழாய்களை அடைத்துவிடும். ஜாடி நிறையத் தண்ணீர் இருக்கப் பூ தாகத்தில் தலைசாய்வது இதனால்தான்.

பாதிப் பொட்டலம் ஏன் தீங்கு என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு லிட்டருக்கு 5 கிராம் மட்டும் போட்டால், அந்தச் சர்க்கரை பாக்டீரியாவுக்கு விருந்தாகப் போதுமானது. அதை அடக்கும் மருந்தோ பாதி வலுவில் நிற்கிறது. வெறும் தண்ணீரை நாள்தோறும் மாற்றுகிறவருடைய ஜாடி இதைவிடத் தெளிவாக இருக்கும். இந்த இடத்தில் கடைக்காரர்கள்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. பத்துத் தண்டுள்ள கொத்து ஒன்றை நிறுத்தும் ஜாடிக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். நான் வழக்கமாக வாங்கும் கடையில் அத்தகைய கொத்துக்கும் ஒரேயொரு 5 கிராம் பொட்டலத்தையே தருகிறார்கள். கேட்டால் இன்னும் இரண்டு எடுத்துத் தருவார்கள், கேட்காதவருக்கு ஒன்றுதான்.

மற்ற கொய்மலர்களைவிட லில்லிக்குச் சர்க்கரை கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. லில்லி தன் உணவைச் சேமித்து வைப்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். தண்டை வெட்டியதுமே அந்தக் களஞ்சியம் வயலில் தங்கிவிடுகிறது. கொத்தோடு வருவது இலையிலும் தண்டிலும் இருக்கும் சிறு கையிருப்பு மட்டுமே. வீட்டு வெளிச்சத்தில் இலைகளால் புதிதாக உணவு தயாரிக்க இயலாது. ஒரு தண்டில் மூன்று முதல் ஐந்து மொட்டுகள் இருந்தால், கீழ் மொட்டுகள் அந்தக் கையிருப்பைத் தின்று மலர்ந்துவிடுகின்றன. மேல் மொட்டுகள் பச்சையாகவே நின்று வதங்குகின்றன, அல்லது வெளிறிச் சிறுத்து ஒப்புக்கு விரிகின்றன. குளிர்ச்சியான அறையில் ஒரு லில்லிப் பூ ஏறத்தாழ ஒரு வாரம் நிற்கும். அவை ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்தால் தண்டு முழுவதும் இரண்டு வாரம் வரை அழகு காட்டும். ஆகவே லில்லிக் கொத்தின் ஆயுள் என்பது பெரும்பாலும் அதன் உச்சி மொட்டின் கையில் இருக்கிறது.

ஒரே பெட்டியில் வந்த ஓரியண்டல் வகை லில்லித் தண்டுகளைப் பிரித்து, வெறும் தண்ணீரிலும் முழு அளவு தூள் கலந்த தண்ணீரிலும் வீட்டில் தயாரித்த கலவையிலும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலில் விரிந்த பூக்களைப் பொறுத்தவரை மூன்றுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வெறும் தண்ணீரை நாள்தோறும் மாற்றிக்கொண்டிருந்த ஜாடியும் சளைக்கவில்லை. வேறுபாடு வெளிப்பட்டது பின்பாதியில். வெறும் தண்ணீரில் இருந்த உச்சி மொட்டுகள் சில திறக்கவே இல்லை. திறந்தவையும் இளஞ்சிவப்பு மங்கி, ஏறக்குறைய வெள்ளையாகவே விரிந்தன. தூள் கலந்த ஜாடியிலோ உச்சிப் பூக்கள் அளவில் சற்றே சிறியவையாக இருந்தாலும் நிறத்தில் கீழ்ப் பூக்களுக்குக் குறையவில்லை. நிறத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு: சிவப்பு, இளஞ்சிவப்பு லில்லிகளின் வண்ணமான ஆந்தோசயனின் உருவாகச் சர்க்கரை வேண்டும். வெள்ளை லில்லி வாங்குகிறவருக்கு இந்த நன்மை கண்ணுக்குத் தெரியாது என்பதால், தூள் வீண் என்று அவர் முடிவுகட்ட இடமிருக்கிறது. ஸ்டார்கேஸர் போன்ற அடர்நிற வகைகளை வாங்குகிறவர் அப்படிச் சொல்ல மாட்டார். (லெஸ்லி உட்ரிஃப் என்பவர் 1974இல் அமெரிக்காவில் உருவாக்கிய அந்த வகை, ஓரியண்டல் பூக்கள் தலைகுனிந்தே நின்ற காலத்தில் அண்ணாந்து பார்த்துப் பூத்ததால்தான் புகழ்பெற்றது. ஜாடி அலங்காரத்தில் லில்லி இன்று பெற்றிருக்கும் இடத்துக்கு அதன் பங்கு பெரிது.)

அடுத்தது தண்ணீர். இந்நகரத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு வகைத் தண்ணீர் வருகிறது. சிறுவாணித் தண்ணீர் உப்புச் சத்து மிகக் குறைந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ வாளியின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும் அளவுக்குக் கடினமானது. தூளை இரண்டிலும் கரைத்து, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் பிஎச் தாளால் பார்த்தபோது, சிறுவாணித் தண்ணீர் எதிர்பார்த்த புளிப்புக்கு இறங்கியது. போர் தண்ணீர் இறங்க மறுத்து 5க்கு மேலேயே நின்றது. போர் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டை முறியடிக்கவே அமிலத்தின் பெரும்பகுதி செலவாகிவிடுவதுதான் காரணம். போர் தண்ணீர் மட்டுமே வரும் வீடுகளில் ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. குடிக்கிற தண்ணீரைப் பூவுக்கு ஊற்றுவதா என்று வீட்டுப் பெரியவர்கள் முறைத்தாலும், ஒரு லிட்டர்தானே. உப்பைக்கொண்டு தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அந்தத் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும். கடினத்தன்மைக்குப் பதிலாக அதில் சோடியம் ஏறியிருக்கும். அது கொய்மலருக்கு ஆகாது.

இனி, பொதுவகைத் தூள் கைவிடும் இடம். லில்லியில் பூ வாடுவதற்கு முன்பே இலை மஞ்சளாவது பழைய தொல்லை. கீழிலையில் தொடங்கி மேலே ஏறும். பூ பளிச்சென்று நிற்க, அதற்குக் கீழே தண்டு நோயாளியைப்போல் இருக்கும். வெட்டிய தண்டில் இலையின் பசுமையைக் காக்கும் ஜிப்ரலின், சைட்டோகைனின் ஆகிய வளர்ச்சி ஊக்கிகள் குறைந்துபோவதே இதற்குக் காரணம். நெடுநாள் குளிர்கிடங்கில் இருந்த தண்டுகளில் இது இன்னும் விரைவாக நேர்கிறது. சர்க்கரை இதற்கு மருந்தாகாது. மாறாக, சர்க்கரை மிகுந்தால் பூ செழிக்க இலை கெடுவதும் உண்டு. அதனால் பொதுவகைத் தூளைப் போட்டும் இலை மஞ்சளாகிறதே என்று கோபப்படுவதில் பொருளில்லை; அந்த வேலைக்கென அது தயாரிக்கப்படவே இல்லை.

அந்த வேலைக்கென வேறொன்று இருக்கிறது. துலிப், லில்லி முதலான கிழங்குப் பூக்களுக்கென்று தனிப் பொட்டலம் விற்கிறார்கள். அதில் சர்க்கரை குறைவாகவும் மேற்சொன்ன ஊக்கிகள் சேர்ந்தும் இருக்கும். பண்ணைகளில் இதே தேவைக்கு ஜிப்ரலின் 4+7, பென்சைல் அடினைன் என்ற சைட்டோகைனின் ஆகிய இரண்டும் சேர்ந்த கரைசலைத் தெளிப்பதோ, பெட்டியில் அடுக்குவதற்கு முன் தண்டுகளை ஊக்கி கலந்த நீரில் நிறுத்துவதோ உண்டு. பண்ணையிலேயே இது செய்யப்பட்ட தண்டுகளுக்கு வீட்டில் மறுபடியும் தேவைப்படாது. நமக்கு அது தெரிய வழியில்லை என்பதால், வாங்கும்போதே அடியிலைகளைப் பார்த்துக்கொள்வதுதான் வழி. கிழங்குப் பூ பொட்டலம் நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. இணையத்தில் வாங்கினால் விலையும் கூடுதல். நாலைந்து மொட்டுள்ள ஓரியண்டல் தண்டுகளை வரவேற்பறையில் நெடுநாள் வைத்திருக்க விரும்புகிறவர்களும், விடுதி, அலுவலக முகப்புகளில் பூ வைக்கிறவர்களும் அந்த விலையைக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை வாங்கிச் செவ்வாய்க்கிழமை எடுத்துவிடுகிறவர்களுக்கு அது தேவையில்லை.

வீட்டுக் கலவையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி துணி வெளுக்கும் பிளீச் என்ற கலவை, அளவு பிசகாமல் செய்தால், கடைத் தூளுக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. ஆனால் பிளீச்சின் வீரியம் இரண்டொரு நாளில் தணிந்துவிடும். அதன்பின் இருப்பது சர்க்கரைத் தண்ணீர்தான். ஆகவே கலவையை அடிக்கடி புதிதாகச் செய்ய வேண்டும். தூள் கலந்த தண்ணீரோ கலங்கும்வரை அப்படியே இருக்கலாம், குறையும்போது அதே அளவில் கரைத்து ஊற்றினால் போதும். கலக்கும்போது இன்னொரு எச்சரிக்கை: பிளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும். முழு அளவுத் தண்ணீரில் ஒன்றைக் கரைத்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வம்பே வேண்டாம் என்று பொட்டலம் வாங்குவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆஸ்பிரின் மாத்திரை, செப்புக்காசு போன்றவற்றைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு. சர்க்கரையும் அமிலமும் கிருமிக்கொல்லியும் சேர்ந்து செய்யும் வேலையை அவற்றில் எதுவும் தனியாகச் செய்வதில்லை.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். தூள் கரைந்த தண்ணீர் புளிப்பானது. பித்தளைச் சொம்பிலோ செப்புக் குடத்திலோ ஊற்றினால் உலோகத்தை அரிக்கும், தண்ணீரும் கெடும். கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் ஆகியவற்றில்தான் தூளைப் பயன்படுத்த வேண்டும். பித்தளையில்தான் வைப்பேன் என்கிறவர் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கிவிடலாம். ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது தூளுக்கு நிகரான வேலை. பழைய வழுவழுப்பு ஒட்டியிருக்கும் ஜாடியில் எவ்வளவு நல்ல தூளைக் கொட்டினாலும் பயனில்லை. தண்டின் அடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூரிய கத்தியால் வெட்டியதும் தாமதிக்காமல் தண்ணீரில் நிறுத்த வேண்டும். நீரில் மூழ்கும் இலைகள் அனைத்தையும் கிள்ளிவிட வேண்டும்.

எந்தப் பொட்டலத்தாலும் ஈடுசெய்ய முடியாதவை சில, பூ நம் கைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகின்றன. இங்கே வரும் லில்லியின் பெரும்பகுதி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பசுமைக்குடில்களில் வளர்வது. கிழங்குகள் நெதர்லாந்திலிருந்து வருகின்றன. (வியப்பு என்னவென்றால், நீலகிரி தனக்கென்றே ஒரு லில்லி வைத்திருக்கிறது. புல்வெளிச் சரிவுகளில் வெண்குழலாகப் பூக்கும் லிலியம் நீல்கெரென்ஸ்தான் உலகில் மிகத் தெற்கே இயற்கையாக வளரும் உண்மையான லில்லி. அது பூ மார்க்கெட்டுக்கு வருவதில்லை, வராமலிருப்பதே நல்லது.) மலையில் குளிரில் வெட்டிய தண்டு, மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டில் பகல் வெயிலில் கிடந்தால் அதன் சேமிப்பு அங்கேயே எரிந்துவிடுகிறது: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் பூவின் சுவாச வேகம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. ஆகவே காலையிலேயே வாங்க வேண்டும். கீழ் மொட்டு நிறம் காட்டிப் பருத்து, ஆனால் இன்னும் விரியாமல் இருக்கும் தண்டே சரியானது. எல்லா மொட்டும் அடர்பச்சையாக இருந்தால் அது பிஞ்சில் வெட்டியது, தூளும் காப்பாற்றாது. இரண்டு பூ விரிந்த தண்டை அன்று மாலை விழாவுக்கு வாங்கலாம், வீட்டுக்கு வேண்டாம்.

வைக்கும் இடத்தில் பழத்தட்டும் ஊதுவத்தியும் வேண்டாம். கனியும் வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயு பூவை முதுமைக்குத் தள்ளும். புகையிலும் அது கலந்திருக்கிறது. ஏசியாட்டிக் லில்லி வகைகள் இதற்கு ஓரளவு கூடுதலாகவே பாதிக்கப்படுகின்றன, ஓரியண்டல் வகைகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. எத்திலீனுக்கு எதிரான பண்ணை மருந்துகளும் உண்டு. அவை வீட்டுப் பொட்டலத்தில் இருப்பவை அல்ல. ஆகவே பூசை மாடத்தின் பக்கத்தில் ஏசியாட்டிக் லில்லியை வைத்துவிட்டுத் தூளைக் குறைசொல்ல முடியாது. மகரந்தப் பைகளை அவை வெடிக்குமுன் கிள்ளிவிடுவதால் பூவின் நாள் கூடும் என்று சொல்வார்கள். என் ஜாடிகளில் அப்படியொரு வேறுபாட்டை நான் காணவில்லை. எனினும் பட்டுப்புடவைக்காக அதைச் செய்துவிடுவது நல்லது. கறை பட்டுவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காமல், ஒட்டுநாடாவால் தூளை ஒற்றி எடுக்க வேண்டும்.

பூனை வளர்க்கும் வீடுகளுக்கு என் பரிந்துரை வேறு: லில்லியையே வாங்க வேண்டாம். இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் ஆகிய எதுவும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கக்கூடியது.

மற்றவர்கள் வாங்கும்போது அளவு அச்சிட்ட பொட்டலத்தையே கேட்டு வாங்க வேண்டும். பெயரில்லாத வெள்ளைத் தூளில் எத்தனை கிராம் இருக்கிறது, எத்தனை லிட்டருக்கு உரியது என்பது தெரியாதபோது, பாதிப் பொட்டலச் சிக்கல்தான் மறுபடியும் வரும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆனால் ஐப்பசி ஈரத்தில் தூள் கட்டிதட்டிப்போகிறது, கட்டிதட்டிய பொட்டலத்தைப் பாதியாகப் பிரிப்பதும் நடவாத காரியம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுத்த சில மாதங்களில் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.